வீடு காலி செய்து ஒரு மாதம் ஆகப்போகிறது, டெபாசிட் வரவில்லை

கேட்டவர்: வணக்கம். சாவி கொடுத்தபோது "அடுத்த வாரம் பணம் போட்டுவிடுகிறேன்" என்றார் ஓனர். இப்போது கார்ப்பெட் கறை, சுவரில் ஆணி ஓட்டை, கிளீனிங் என்று சொல்லி முழு டெபாசிட்டையும் பிடித்துக்கொள்வதாக மெசேஜ். போனும் எடுப்பதில்லை. புது வீட்டுக்குக் கடன் வாங்கித்தான் கட்டியிருக்கிறேன், மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. தூக்கமே இல்லை. என்ன செய்வது?

மெல்பர்ன்வாசி: ஓனரிடம் கெஞ்சவே வேண்டாம். இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பாண்ட், அதாவது டெபாசிட் பணம், ஆர்டிபிஏ என்ற அரசு அமைப்பிடம்தான் இருக்கும். நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் ஓனர்தான் தீர்ப்பாயம் போகணும்.

பெர்லின்காரர்: அவ்வளவு அவசரம் வேண்டாம். ஹீட்டிங், தண்ணீர்க் கணக்கு முடிய ஓனர் சில மாதம் வைத்திருப்பது இங்கே சகஜம். நான் வந்த புதிதில் மூன்று மாத வாடகையை டெபாசிட்டாகக் கட்டிவிட்டு, மெத்தை வாங்கக் காசில்லாமல் குளிர் ஜாக்கெட்டை விரித்துப் படுத்தேன். அந்த வீட்டில் அடுப்பு, சிங்க் எதுவுமே கிடையாது. எல்லாம் நானேதான் வாங்கினேன்.

டொராண்டோ: இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று டெபாசிட் வாங்கவே கூடாது. கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம். நீங்களும் கடைசி வாடகையைக் கட்டாமல் கழித்திருக்கணும்.

லெஸ்டர் அக்கா: அதை எல்லா ஊருக்கும் சொல்லாதீங்க. வேறு இடத்தில் அது வாடகை பாக்கி ஆகிவிடும், அடுத்த வீட்டுக்கு இந்த ஓனர் தர வேண்டிய ரெஃபரன்ஸும் (நற்சான்று) கெடும்.

புதிதாக வந்தவர்: ரெஃபரன்ஸ் பேச்சை எடுத்தாலே வயிறு எரிகிறது. கிரெடிட் ஹிஸ்டரி இல்லை, ஜாமீன் போட ஆள் இல்லை என்று ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்டார்கள்.

பெர்லின்காரர்: நம்மைப் பார்த்தாலே "சமையல் வாசனை" என்று ஆரம்பிக்கிறார்கள்.

லெஸ்டர் அக்கா: சரி, அதை அப்புறம் பேசலாம். தம்பி, எந்த நாடு என்று நீங்க சொல்லவே இல்லையே?

கேட்டவர்: இங்கிலாந்து, ரீடிங். ஓனரிடம் நேரடியாக எடுத்த வீடு.

லெஸ்டர் அக்கா: அப்படியென்றால் பயப்படாதீங்க. பணம் வாங்கிய 30 நாளுக்குள் டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ் என்று அரசு அங்கீகரித்த மூன்று டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அவர் அதைப் பாதுகாத்திருக்கணும். மூன்று இணையதளத்திலும் தேடிப் பாருங்க. எதிலும் இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். டெபாசிட் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அவர் தர வேண்டிவரும். இருந்தால் அங்கேயே தகராறு பதிவு செய்யுங்க, இலவசம். சேதத்தை நிரூபிக்க வேண்டியது ஓனர்தான். குடியிருந்ததால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்க முடியாது. வந்தபோது இருந்த அளவு சுத்தமாக விட்டால் போதும், கம்பெனி வைத்துத்தான் சுத்தம் செய்யணும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. இனி போன் வேண்டாம், எல்லாம் மெயிலில். குடிவந்தபோது வீட்டின் நிலையை எழுதிய செக்-இன் பட்டியல் இருக்கிறதா?

கேட்டவர்: மைடெபாசிட்ஸில் இருக்கிறது அக்கா! பட்டியலும் பழைய மெயிலில் கிடைத்தது. கார்ப்பெட் "பழையது, ஆங்காங்கே கறை" என்று எழுதியிருக்கிறது. சுவர் நன்றாக இருந்ததாக இருக்கிறது. ஆணி நாங்கள் அடித்ததுதான்.

லெஸ்டர் அக்கா: கார்ப்பெட்டுக்குப் பட்டியலின் அந்தப் பக்கமே ஆதாரமாகப் போதும். ஓட்டையை அடைக்க நியாயமான தொகை சொல்லி அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்க, மற்றதை மறுத்துவிடுங்க. தள்ளிப்போடாமல் இன்றைக்கே பதிவு செய்யுங்க, அதற்குக் காலக்கெடு உண்டு.