பில்லுல பழைய சிண்டிகேட் ஐஎஃப்எஸ்சி, வாட்ஸ்அப்ல வேற பேங்க் நம்பர்: எதுக்கு பணம் போடுறது?

எம்சிரோடு_ஜவுளி:
பழைய வண்ணாரப்பேட்டையில சின்ன ஜவுளிக் கடை. ஈரோட்டு மொத்த வியாபாரி ஒருத்தருக்கு 3,42,000 ரூபாய் போகணும். இதுவரைக்கும் செக்தான் கொடுத்துட்டிருந்தோம், ஆன்லைன்ல அனுப்பப் போறது இப்பதான் முதல்முறை. பில்லோட அடியில அச்சடிச்சிருக்கிற ஐஎஃப்எஸ்சி (பேங்க் கிளையோட அடையாளக் கோடு) எஸ்-ஒய்-என்-பி-ன்னு ஆரம்பிக்குது. ஆப்ல போட்டா ஏத்துக்க மாட்டேங்குது. காலையில "இனிமே இந்த அக்கவுண்ட்ல போடுங்க"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். வேற பேங்க், வேற நம்பர். அந்தக் கோடு ஆப்ல சரியா எடுக்குது, கிளைப் பேரும் காட்டுது. கோடு சரின்னா அக்கவுண்டும் சரின்னு எடுத்துக்கலாமா? கோடு தப்பாப் போனா பணம் எங்க போகும்? செக்குக்கு அடியில இருக்கிற 9 இலக்க நம்பரும் இதுவும் ஒண்ணா?

முன்னாள்_கேஷியர்:
பில்லுல இருக்கிறது செத்துப்போன கோடு. சிண்டிகேட் பேங்க் 2020 ஏப்ரல் 1-ல கனரா பேங்கோட இணைஞ்சது. பழைய கோடுங்க 2021 ஜூன் 30 வரைக்கும்தான் ஓடுச்சு. மாத்தின முறை சுலபம்: எஸ்-ஒய்-என்-பி போய் சி-என்-ஆர்-பி வரும், பின்னாடி இருக்கிற எண்ணோட 10000 கூடும். பழசு 0004567-ல முடிஞ்சிருந்தா புதுசு 0014567. ஆனா கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்ச கோடுல 3 லட்சத்தை அனுப்பாதீங்க. இணைப்புக்கு அப்புறம் பக்கத்துப் பக்கத்துல இருந்த கிளைகளை ஒண்ணாக்கியிருப்பாங்க. அவங்களோட இப்போதைய செக் லீஃபையோ பாஸ்புக் முதல் பக்கத்தையோ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கேன்சல் பண்ண செக்குன்னா பேனாவால குறுக்க ரெண்டு கோடு போட்டு அனுப்பினாப் போதும், அதுல கையெழுத்து போடத் தேவையில்லை. கையெழுத்தோட ஊரெல்லாம் சுத்த விடுறாங்க நிறைய பேர்.

ஐஎஃப்எஸ்சி எப்பவும் 11 இடம். முதல் நாலு பேங்க், அஞ்சாவது பூஜ்ஜியம், மீதி ஆறு கிளை. அந்த அஞ்சாவது இடத்துலதான் பாதிப் பேர் 'ஓ' எழுத்தை அடிச்சுட்டு "ஆப் வேலை செய்யலை"ம்பாங்க. அங்க எழுத்து வரவே வராது. செக்குக்கு அடியில இருக்கிற 9 இலக்கம் எம்ஐசிஆர், அது செக் கிளியரிங்குக்கு. முதல் மூணு ஊர் (சென்னைக்கு 600), அடுத்த மூணு பேங்க், கடைசி மூணு கிளை. ஆன்லைன்ல பேங்குக்கு பேங்க் பணம் அனுப்புற நெஃப்ட் (பேட்ச் பேட்ச்சா போறது), ஆர்டிஜிஎஸ் (2 லட்சத்துல இருந்து, உடனுக்குடன் போறது) ரெண்டுலயும் அதுக்கு வேலையே இல்லை.

டேலி_தண்டையார்பேட்டை:
கேஷியர் சார் சொன்னது கோடைப் பத்தி. எனக்கு உறுத்துறது அந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான். கோடு சரியா எடுக்குதுன்னா அப்படி ஒரு கிளை இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அந்த அக்கவுண்ட் யாரோடதுன்னு அது சொல்லாது. நெஃப்ட்ல பணத்தை வரவு வைக்கிறது அக்கவுண்ட் நம்பரை மட்டும் பார்த்துத்தான். நீங்க பேர் கட்டத்துல கம்பெனி பேரை எவ்வளவு அழகா அடிச்சாலும் அந்தப் பக்கம் அதை ஒத்துப் பார்க்கணும்னு கட்டாயம் இல்லை. 2010-லயே ரிசர்வ் பேங்க் தெளிவாச் சொன்ன விஷயம் இது: நம்பரைச் சரியாப் போடுறது அனுப்புறவரோட பொறுப்பு.

அதனால முதல் வேலை, ஈரோட்டுக்கு ஃபோன். மெசேஜ் வந்த நம்பருக்கு இல்லை, பழைய பில்லுல அச்சாகியிருக்கிற நம்பருக்கு. ஓனர் கிட்டயே பேசி, அக்கவுண்ட் நம்பரை அவரையே வாசிக்கச் சொல்லுங்க. நீங்க வாசிச்சு அவர் "ஆமா ஆமா"ன்னா அது சரிபார்த்த கணக்குல சேராது.

அடுத்து ஆப்ல பெயர் பார்க்கிற வசதி. 2025 ஏப்ரல் 1-க்குள்ள நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் தர்ற எல்லா பேங்கும் இதைக் கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு. கட்டணம் கிடையாது. அக்கவுண்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் போட்டா அந்த பேங்க் பதிவுல இருக்கிற பேர் வரும். அந்தப் பேரை ஜிஎஸ்டி தளத்தோட ஒத்துப் பாருங்க. பில்லுல இருக்கிற 15 இட ஜிஎஸ்டி நம்பரை (தமிழ்நாடுன்னா 33-ல ஆரம்பிக்கும்) தளத்துல தேடினா சட்டப்படியான பேர், கடைப் பேர் ரெண்டும் வரும். தனி ஆள் நடத்துற கடைன்னா சட்டப்படியான பேருங்கிறது ஓனரோட சொந்தப் பேரு. பேங்க்ல அந்த ரெண்டுல எது வந்தாலும் சரி. மூணாவதா ஒரு பேர் வந்தா நிறுத்துங்க.

அப்புறம் ஒரு ரூபாய் அனுப்பி, "வந்துச்சா"ன்னு கேக்காம, "எந்த பேங்க்ல, எந்த அக்கவுண்ட்ல வந்துச்சு, கடைசி நாலு நம்பர் என்ன"ன்னு கேளுங்க. பொருந்தினா மீதியை ஆர்டிஜிஎஸ்ல போடுங்க. 2 லட்சத்துக்கு மேலங்கிறதால அது நடக்கும்.

ராயபுரம்_ரெக்கன்சில்:
கோடு தப்பானா என்ன ஆகும்னு கேட்டிருந்தாரு, அதுக்கு யாரும் பதில் சொல்லலை.

இல்லாத கோடுன்னா ஆப்லயே நின்னுடும், உங்களுக்கு நடந்த மாதிரி. பேங்க் சரி, கிளை மட்டும் தப்புன்னா பெரும்பாலும் பணம் போய்ச் சேர்ந்துடும். கோர் பேங்கிங் (எல்லாக் கிளையும் ஒரே கம்ப்யூட்டர் வலையில) வந்ததுக்கு அப்புறம் அக்கவுண்ட் நம்பர் அந்த பேங்க் முழுசுக்கும் ஒண்ணுதான். பேங்கே தப்பாப் போனா பொதுவா அந்த நம்பர் அங்க இருக்காது. ஸ்டேட் பேங்க் 11 இலக்கம், ஐஓபி 15, எச்டிஎஃப்சி 14, நீளமே ஒத்து வராது. நெஃப்ட்ல பேட்ச் முடிஞ்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள அவங்க வரவு வைக்கணும், இல்லைன்னா திருப்பணும். தாமதமானா ரெப்போ விகிதத்தோட (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்குக் கடன் தர்ற வட்டி) 2 சதவீதம் சேர்த்து வட்டி கேக்கலாம். ஆர்டிஜிஎஸ்ல இன்னும் வேகம், வரவு வைக்க முடியலைன்னா ஒரு மணி நேரத்துல திரும்பணும்.

மோசமானது இது எதுவும் இல்லை. கோடு சரி, நம்பர்ல ஒரு இலக்கம் மாறி, அப்படி ஒரு அக்கவுண்ட் நிஜமாவே இருக்கு. பணம் அடுத்தவர் கணக்குல உக்காந்துடும். அவர் சம்மதம் இல்லாம அவங்க பேங்க் எடுத்துத் தராது. உங்க கிளையில யுடிஆரோட (பணம் அனுப்பினதுக்கான அடையாள எண்) கடிதம் கொடுத்து, அவங்க அந்த பேங்குக்கு எழுதி, அந்த பேங்க் அவரைக் கூப்பிட்டுன்னு நீளும். 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிறவர்), ஃபோன் 14448. மோசடி அக்கவுண்டுன்னு தெரிஞ்சா கடிதம் எழுதிக்கிட்டு இருக்காதீங்க, உடனே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அடிங்க. பணம் அங்கிருந்து அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுறதுக்கு முன்னாடி முடக்கணும்.

ஐஓபிக்கு ஒரு குறுக்கு வழி: அக்கவுண்ட் நம்பரோட முதல் நாலு இலக்கம் கிளை எண். ஐஎஃப்எஸ்சியோட கடைசி நாலும் அதேதான். ஒத்துப் போகலைன்னா ஒரு தடவை கேட்டுக்குங்க.

எம்சிரோடு_ஜவுளி:
ரொம்ப நன்றிங்க. பழைய நம்பருக்குப் பேசிட்டுத்தான் அனுப்பப் போறேன். ஆப்ல புது ஆளைச் சேர்த்தா முதல் நாள் பெரிய தொகை விட மாட்டேங்குது. கிளைக்கே போய் போட்டா?

முன்னாள்_கேஷியர்:
போடலாம். ஆர்டிஜிஎஸ் படிவத்தோட செக் ஒண்ணு, செக்குல 'யுவர்செல்ஃப் ஃபார் ஆர்டிஜிஎஸ்'னு எழுதுவாங்க. 2 லட்சத்துல இருந்து 5 லட்சம் வரைக்கும் கட்டணம் அதிகபட்சம் 24.50, ஜிஎஸ்டி தனி. படிவத்துல கோடையும் நம்பரையும் கட்டத்துக்கு ஒரு எழுத்தா எழுதுங்க. 1-ம் 7-ம், 5-ம் எஸ்-ஸும் கவுண்டர்ல குழம்புற இடம். அவங்க கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் திரையில வர்ற கிளைப் பேரை வாசிக்கச் சொல்லுங்க, ஈரோடுன்னு வரணும். யுடிஆர் வாங்காம கவுண்டரை விட்டு நகராதீங்க: ஆர்டிஜிஎஸ்க்கு 22 இடம், நெஃப்ட்டுக்கு 16. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர்ல இருந்து 24 மணி நேரமும் ஓடுது, ஆனா கிளைக் கவுண்டர் ஓடாது. மதியத்துக்குள்ள போயிடுங்க.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
கோடு தேடுறவங்களுக்கு ஒண்ணு. கூகுள்ல முதல்ல வர்ற ஐஎஃப்எஸ்சி சைட்டுங்க பலதுல பழைய பட்டியல்தான் கிடக்கு. அதுல போட்டிருக்கிற 'கஸ்டமர் கேர்' நம்பருக்குக் கூப்பிடவே கூடாது. ரிசர்வ் பேங்க் தளம், இல்லைன்னா அந்தந்த பேங்கோட சொந்தத் தளம். நம்ம பக்கத்துக் கிளைங்களை ஆப் பட்டியல்ல தேடும்போது சென்னையில கிடைக்கலைன்னா திருவள்ளூர்லயும் பாருங்க. திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் 2018-லதான் சென்னை மாவட்டத்துக்கு வந்துச்சு. பாரிமுனையைத் தேடுறவங்க ஜார்ஜ் டவுன், பிராட்வேன்னும் போட்டுப் பாருங்க. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்குக்குக் கிளைவாரியா அலைய வேண்டாம், நாடு முழுக்க ஒரே கோடு: ஐ-பி-ஓ-எஸ், நாலு பூஜ்ஜியம், டி-ஓ-பி. இதுல ரெண்டு 'ஓ' நிஜமாவே எழுத்து, பூஜ்ஜியம் இல்லை. தபால் ஆபீஸோட பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கு வேற, அதுக்கு இந்தக் கோடு போடாதீங்க.