புதுப்பிப்பு: ‘ஃப்ரீடம்’ விளையாட்டும் எங்கள் வீட்டு வரலாற்று வகுப்பும்

அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றை, அனைவரும் ஒரே அணியாக ஆடும் பலகை விளையாட்டின் மூலம் வீட்டில் கற்பிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ‘ஃப்ரீடம்: தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ விளையாட்டைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி. (‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்பது அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய ரகசிய வலையமைப்பு.) ஆடத் தொடங்கிவிட்டோம்.

இதில் நாங்கள் அடிமை ஒழிப்புப் போராளிகள். அடிமை முறை இருந்த தென் மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து தப்புகிறவர்களைக் கனடா சேர்க்க வேண்டும். அவர்களை நாங்கள் நகர்த்தினால், தப்பியவர்களைத் துரத்திப் பிடிப்பவர்களும் நகர்வார்கள். எல்லோரையும் காப்பாற்ற முடிவதில்லை. யாரை முதலில் அனுப்புவது என்று பிள்ளைகள் நெடுநேரம் விவாதிக்கிறார்கள். போட்டி விளையாட்டாக இருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

மகள் கேட்ட கேள்விதான் பெரிய வரவு: “வட மாநிலமான பென்சில்வேனியாவில் அடிமை முறை இல்லையே, ஏன் கனடா வரை போகவேண்டும்?” அங்கிருந்து 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்துக்குப் போனோம். வட மாநிலங்களில் வாழ்ந்தவர்களையும் பிடித்துத் திருப்பி அனுப்ப அது வழிசெய்தது. உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. கனடாவிலோ 1834இலேயே அடிமை முறை சட்டப்படி முடிந்திருந்தது. தாமும் அடிமையாக இருந்து தப்பிய ஹாரியட் டப்மன், மற்றவர்களையும் மீட்டுக் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் நகர் வரை அழைத்துச் சென்ற காரணம் மகளுக்கு அப்போது விளங்கியது.

ஒரு குறை: அடிமைப்படுத்தப்பட்டவர்கள் பலகையில் வெறும் மரக்கட்டைகளாகவே வருகிறார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன், தாமே தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் போன்றோரின் வாழ்க்கையைப் படிக்கிறோம். அந்த வாசிப்பைத் தவிர்த்துவிட்டு ஆட வேண்டாம் என்பேன்.