அலுவலக போர்டில் ஒட்டிய அறிவிப்பைப் படம் எடுத்துப் பரப்பினால் அது டாக்சிங் (ஒருவரின் முகவரி போன்ற விவரத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்பி ஆபத்தில் தள்ளுவது) ஆகாதா?

கயல்:
என் சித்தி மகள், மதம் மாறாமலே வேற்று மதத்தவரைக் கட்ட வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்திருக்கிறாள். நாங்கள் கிறிஸ்தவர்கள், பையன் இந்து. சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். தெரிந்தவர் ஒருவர் அதை செல்போனில் எடுத்து சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் சபைக் குழுவிலும் போட்டுவிட்டார். போர்டுக் கண்ணாடியில் ஃபிளாஷ் அடித்துப் பையனின் பெயர் பாதி மறைந்திருக்கிறது. ஆனால் அவள் தங்கியிருக்கும் வீட்டு எண், தெரு, பார்க்கும் வேலை எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. முகவரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. கீழே ஒரு வரி: "நம்ம பிள்ளைதான், யாராவது போய்க் கேளுங்க."

போனில் கேட்டேன். "அரசாங்கமே ஒட்டியிருக்கு, நான் போட்டா மட்டும் தப்பாம்மா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

பத்திர எழுத்தர்:
அந்தத் தாள் எதற்கு ஒட்டப்படுகிறது என்று அவரிடம் கேளுங்கள் அம்மா. முதல் மனைவி இருக்கிறாள், வயது போதாது என்பது போன்ற காரணம் தெரிந்தவர் 30 நாளுக்குள் அதிகாரியிடம் ஆட்சேபம் கொடுப்பதற்காக. மதம் அந்தக் காரணங்களில் இல்லவே இல்லை. இவர் ஆட்சேபம் கொடுத்தாரா? இல்லை. ஒரு பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கோபத்தில் இருப்பவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். நான் அதை டாக்சிங் என்றுதான் சொல்வேன்.

கேரளத்தில் இந்த அறிவிப்புகளை இணையத்திலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்து வேற்று மதத்தில் கட்டுபவர்கள் என்று குழுக்களில் சுற்றவிட்டார்கள். புகார் வந்ததும் 2020இல் இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தினார்கள். போர்டில் ஒட்டுவது அப்படியே இருக்கிறது. போர்டு வரை நடந்து வந்து படிப்பதும் நூறு போனுக்கு ஒரே நொடியில் போவதும் ஒன்றா?

செய்தியாளர் மணி:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் பொது ஆவணத்தைப் பகிர்வதே தப்பு என்று போய்விடாதீர்கள். வில்லங்கச் சான்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால்தான் கவுன்சிலர் வளைத்த நிலத்தை சர்வே எண்ணோடு என்னால் எழுத முடிகிறது. அவர் மகள் குடியிருக்கும் வீட்டை எழுத மாட்டேன், அதற்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை.

சட்டமும் இதில் உங்களுக்கு அதிகம் உதவாது. பொது ஆவணத்தில் வந்துவிட்டால் அந்தரங்க உரிமை நிற்காது என்று 1994இல் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களுக்கு மட்டும் விலக்கு வைத்தது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சட்டப்படி வெளியிட்டாக வேண்டிய தகவலைத் தொடவில்லை. அதனால் படத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடியுங்கள். ஆளைத் தூண்டுவது அதுதான். இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எஸ்பி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

கயல்:
படத்தை அவர் அழித்துவிட்டார். ஆனால் வேறு இரண்டு குழுக்களிலிருந்து என் தம்பிக்கே அது வந்தது. நேற்றுக் காலை பைக்கில் இரண்டு பேர் வந்து வீட்டுக்காரம்மாவிடம் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். இரவே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். அந்த 30 நாள் முடிய இன்னும் 11 நாள் இருக்கிறது. மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். புது முகவரியை அதில் எழுதலாமா?

பத்திர எழுத்தர்:
எழுதாதீர்கள் அம்மா. வக்கீல் அலுவலக முகவரியைப் போடுங்கள். இருக்கும் இடத்தை அதிகாரியிடம் நேரில் வாயால் சொல்லுங்கள்.