ஸ்பிளெண்டர் டைமிங் செயின் சத்தம்: வீட்டிலேயே மாத்தலாமா?

மலைரோடு:
வணக்கம் அண்ணன்களே. வண்டி 2011 ஸ்பிளெண்டர் பிளஸ். அப்பா ஓட்டினது, இப்ப நான் ஓட்டுறேன். மீட்டர் 90,000 தாண்டிருச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணதும் என்ஜின் இடதுபக்கம் 'கரகர'ன்னு சத்தம். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டா, ரேஸ் இறங்கும்போது இன்னும் அதிகமா கேக்குது. டேப்பெட் (வால்வு இடைவெளி) செட் பண்ணியாச்சு, ஆயிலும் அளவோட இருக்கு. கிளட்ச் பிளேட் வரைக்கும் நானே மாத்தியிருக்கேன். டைமிங் செயினையும் வீட்லயே மாத்த முடியுமா? ஹெட்டைக் கழட்டணுமா?

பழைய ஸ்பேனர்:
ஹெட்டைத் தொடவே வேண்டாம் தம்பி. பிஸ்டனால சுத்துற கிராங்கையும், வால்வைத் திறக்கிற கேமையும் இணைக்கிறதுதான் டைமிங் செயின். இந்த 97.2 சிசி என்ஜின்ல அது இடதுபக்கம்தான் ஓடுது. ஹெட்டுல இருக்கிற வட்ட மூடி, மேக்னெட் கவர், மேக்னெட் (கிராங்க் முனையில சுத்துற காந்தச் சக்கரம்), அதுக்குப் பின்னாடி காயில் பிளேட், இவ்வளவு கழட்டினாப் போதும்.

ஆனா செயின் வாங்குறதுக்கு முன்னாடி, அதைத் தொய்யாம இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைப் பாருங்க. ஆயிலை வடிச்சிட்டு, என்ஜினுக்கு அடியில இடதுபக்கம் இருக்கிற டென்ஷனர் போல்ட்டைக் கழட்டினா ஸ்பிரிங்கும் புஷ் ராடும் கையில வந்துடும். ராடு நுனியில இருக்கிற ரப்பர் தேஞ்சிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இதே சத்தம்தான் வரும். பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிஞ்சிடும். 90,000 ஓடின வண்டிக்கு எப்படியும் செயின், ரோலர், புஷ் ராடு எல்லாத்தையும் சேர்த்து மாத்துறதுதான் நல்லது. புதுச் செயினைத் தேஞ்ச ரோலர் மேல ஓட விடாதீங்க.

கோவை லேத்:
மேக்னெட்டைச் சுத்தியலால தட்டிக் கழட்டாதீங்க, ப்ளீஸ். மரை போட்ட மேக்னெட் புல்லர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்குது. அடி வாங்கினா காந்தம் விரிசல் விடும், கிராங்க் முனை மரையும் நசுங்கும். மேக்னெட் கழண்டதும் கிராங்க்ல இருக்கிற அரைவட்ட கீயை எடுத்து ஒரு டப்பாவுல போட்டு வைங்க. திருப்பி மாட்டும்போது காந்தத்துக்குள்ள இரும்புத்தூள், வாஷர் எதுவும் ஒட்டியிருக்கான்னு துணியால துடைச்சுப் பாருங்க.

பழைய ஸ்பேனர்:
சரியாச் சொன்னீங்க சார். தம்பி, இப்ப முக்கியமான இடம். பிளக்கைக் கழட்டிட்டு மேக்னெட்டை இடஞ்சுழியாச் சுத்தி 'டி' மார்க்கை (பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்) கேஸ்ல இருக்கிற கோட்டுக்கு நேரா கொண்டு வாங்க. பக்கத்துலயே 'எஃப்' மார்க் இருக்கும், அது ஸ்பார்க்குக்கு உள்ளது, அதை வச்சிடாதீங்க. 'டி' நேரா நிக்கும்போது வால்வை அழுத்துற ரெண்டு ராக்கர்லயும் லேசா ஆட்டம் இருக்கணும். இறுக்கமா இருந்தா இன்னும் ஒரு சுத்து சுத்துங்க. அந்த நிலையில கேம் சக்கரத்துல இருக்கிற வட்டக்குறி, ஹெட்டுல இருக்கிற வெட்டுக்கு நேரா நிக்கும். அதுக்கப்புறம்தான் கேம் சக்கர போல்ட்டைக் கழட்டணும். புதுச் செயினை உள்ள விடும்போது ஒரு மெல்லிய கம்பியில கட்டி இழுங்க, இல்லேன்னா உள்ள விழுந்து உயிரை வாங்கும்.

மலைரோடு:
நேத்து வேலையை ஆரம்பிச்சேன் அண்ணே. ரப்பர் நுனி பாதிதான் மிச்சம் இருந்துச்சு, ரோலர்லயும் செயின் ஓடின பள்ளம். எல்லாம் புதுசு போட்டாச்சு. ஆனா 'டி' மார்க் நேரா இருக்கும்போது கேம் குறி அரைப் பல் அளவு தள்ளி நிக்குது. ஒரு பல் மாத்திப் போட்டா மறுபக்கம் அரைப் பல் தள்ளுது. டென்ஷனர் இன்னும் மாட்டல. இப்படியே ஸ்டார்ட் பண்ணலாமா?

பழைய ஸ்பேனர்:
கிக்கரைத் தொடாதீங்க! ஒரு பல் தப்பினாலே கிராங்க் கணக்குல 20 டிகிரிக்கு மேல போயிடும். ஸ்டார்ட் ஆனாலும் இழுவை இருக்காது. இன்னும் தப்பியிருந்தா வால்வு பிஸ்டன்ல மோதி வளையும்.

டென்ஷனர் இல்லாததால தொய்வு எந்தப் பக்கம் வேணும்னாலும் நிக்கும், குறியும் அதனாலதான் தள்ளித் தெரியுது. என்ஜின் ஓடும்போது கிராங்க், செயினோட கீழ்ப்பக்கத்தை இழுக்குது. அதனால மேக்னெட்டை இடஞ்சுழியா நகர்த்தியே 'டி'க்குக் கொண்டு வாங்க, கீழ்ப்பக்கம் விறைச்சு நிக்கணும். 'டி' தாண்டிட்டா பின்னால திருப்பாதீங்க, முழுசாச் சுத்தி வாங்க. குறி நேரா வந்ததும் புஷ் ராடை ஆயில்ல நனைச்சு ஸ்பிரிங்கோட மாட்டுங்க. அப்புறம் கையாலேயே முழுசா ரெண்டு சுத்து. கேம் பாதி வேகத்துலதான் சுத்தும், அதனால ரெண்டாவது சுத்து முடிவுலதான் ரெண்டு குறியும் திரும்பச் சேரும். நடுவுல எங்கயாவது இடிக்கிற மாதிரி இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க.

மலைரோடு:
சேர்ந்துடுச்சு அண்ணே! நீங்க சொன்ன மாதிரி கீழ்ப்பக்கம் விறைச்சுப் பார்த்தப்ப குறி அச்சா வெட்டுக்கு நேரா நின்னுச்சு. ரெண்டு சுத்து சுத்தியும் நகரல. புது ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணேன், கரகர சுத்தமா இல்ல. ரொம்ப நன்றி அண்ணே, கோவை சாருக்கும் நன்றி. டேப்பெட் மறுபடி பாக்கணுமா?

கோவை லேத்:
பாக்கணும். நாளைக்குக் காலையில என்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வச்சுப் பாருங்க. அப்படியே காயில் பிளேட் ஓரத்துல, டென்ஷனர் போல்ட்டுல ஆயில் கசிவு இருக்கான்னும் ஒரு பார்வை பார்த்துடுங்க.