அறுவை மருத்துவராக விரும்பும் மகளுக்கு வழிகாட்டல் தேவை

தில்லித் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். மயூர் விஹாரில் வசிக்கும் எங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். ஏழு வயதில், தன் தாத்தாவின் நெஞ்சில் இருந்த தையல் தழும்பைத் தொட்டுப் பார்த்த நாள்முதல், இதய அறுவை மருத்துவராக வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அவள் சொன்னதில்லை.

நீட் தேர்வில் வென்ற பிறகும், பயிற்சிக் காலத்துடன் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். 3 ஆண்டுகள், அதன்மேல் இதய அறுவையில் எம்.சிஎச். 3 ஆண்டுகள் என்று முப்பது வயதை நெருங்கும்வரை படிப்பு நீளும் என்பதை அறிந்தே அவள் உறுதியாக இருக்கிறாள், தயங்குவது நான்தான். அந்தத் தயக்கத்தை அவள்மீது சுமத்திவிடக் கூடாது என்பதே என் கவலை.

இங்கே அறுவை மருத்துவர்கள் எவரேனும் இருந்தால், அவளுடன் அரை மணி நேரம் தமிழில் பேச இயலுமா? பெண்கள் இத்துறையில் சந்திக்கும் சிரமங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையை ஏற்றுச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷன் தொழில்நுட்பத்தைப் படித்தவர்கள் இருந்தால், அந்தப் படிப்பையும் பணிவாய்ப்பையும் பற்றி விளக்க வேண்டுகிறேன். மருத்துவ இடம் கிடைக்காமல் போனாலும், அந்த அறுவை அரங்குக்குள் அவளுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும் என விரும்புகிறேன்.