ரிப்பீட்டர் (செல்போன் சிக்னலைப் பெருக்கற பெட்டி) போட்டதிலிருந்து எதிர்வீட்டுல போன் லைனே கிடைக்கலை, என்ன செய்யலாம்?

இரண்டாங்கட்டு:
காரைக்குடிக்குப் பக்கத்துல பழைய செட்டிநாட்டு வீடு எங்களுது. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டுன்னு நீளமாப் போகும், சுவர் ரெண்டடிக்குக் குறையாது. திண்ணையில மூணு கோடு காட்டுற போன், இரண்டாங்கட்டு வாசலைத் தாண்டினா செத்துடும். ஆத்தாவுக்கு 78 வயசு, படுக்கை அங்கதான். சிங்கப்பூர்லேருந்து தம்பி கூப்பிட்டா எப்பவும் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்'தான்.

ஆன்லைன்ல 5,200 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர் வாங்கினேன். 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ரெண்டும் பிடிக்கும், கெயின் (பெருக்கற அளவு) 70 டெசிபல்னு பெட்டியில போட்டிருக்கு. மீன்முள் ஆன்டெனாவை மாடித் தண்ணித் தொட்டியில கட்டினேன், உள் ஆன்டெனாவை வளவுத் தூண்ல மாட்டினேன். அஞ்சு கோடும் வருது. ஆனா பேசினா எதிர்ல இருக்கறவங்களுக்குக் குரல் வெட்டி வெட்டிப் போகுதாம். பெட்டியில சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியுது. இப்ப எதிர்வீட்டு அண்ணன் வந்து, "ஒரு வாரமா எங்க வீட்ல போன் லைனே கிடைக்கலை, நீ எதாச்சும் பண்ணியா?"ங்கறார். ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பி வச்சா சரியாகுமா?

பழைய_டிரைவ்டெஸ்ட்:
முதல்ல அந்த பிளக்கைப் புடுங்குங்க. மிச்சத்தை அப்புறம் படிங்க.

புடுங்கியாச்சா? சரி. 70 டெசிபல்னா ஒரு கோடி மடங்கு. கோயில் திருவிழாவுல மைக்கை எடுத்துக்கிட்டு ஸ்பீக்கர் முன்னாடி போனா 'கூய்'னு கத்தும்ல, உங்க வீட்டுல நடக்கறது அதுதான், காதுக்குக் கேட்காது, அவ்வளவுதான். உள் ஆன்டெனா விடுறது மாடி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு, கெயினைவிட 15 டெசிபலாவது கூட இருக்கணும். உங்களுக்கு 85 வேணும். ரெண்டடிச் சுவர் நல்லாவே தடுக்கும். ஆனா நீங்க மாட்டின இடம் வளவு. மேலே பார்த்தா வானம்! வெட்டவெளியில எட்டு மீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸ்ல இழப்பு சுமார் 50 டெசிபல்தான். மாடி ஆன்டெனா வேற பக்கம் பார்க்குதுன்னு இன்னும் ஒரு 15 சேர்த்துக்கிட்டாலும் 65. அதான் சிவப்பு விளக்கு.

எதிர்வீட்டு விஷயம் இன்னும் மோசம். போன்ல தெரியற கோடு டவர்லேருந்து வர்ற சிக்னலுக்கு மட்டும். நீங்க டவருக்கு அனுப்பறது வேற அலைவரிசை, அதையும் பெட்டி பெருக்குது, நீங்க பேசாதப்பவும். யாரும் பேசலைன்னா அங்க இருக்கறது வெறும் இரைச்சல். பெட்டி கத்தவே இல்லைன்னு வச்சு ஒரு கணக்குப் போடறேன்: 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல உங்க பெட்டி வெளியே விடுற இரைச்சல் சுமாரா -29 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் எண் பெருசானா பலம் கம்மி). டவர் ஒரு கிலோமீட்டர் நேர்ப்பார்வையில இருந்தா வழியில 91 டெசிபல் போகும், ரெண்டு பக்க ஆன்டெனாவும் 25 திருப்பிக் கொடுக்கும். டவர்ல விழறது -95. டவரோட சொந்த இரைச்சலே -101 பக்கம்தான். அதாவது டவர் காதுல யாரோ ஓயாம 'உஸ்'னு ஊதிக்கிட்டு இருக்காங்க. தூரத்துல, சிக்னல் கம்மியா இருக்கற வீடுதான் முதல்ல அடிவாங்கும். அதுவும் இந்த மாதிரிப் பெட்டி எல்லா கம்பெனி அலைவரிசையையும் சேர்த்தே பெருக்கும், நீங்க சிம் வாங்காத கம்பெனிக்கும் தொல்லை.

நான் வேலையில இருந்தப்ப இப்படி ஒண்ணைத் தேடி ஒரு ஜவுளிக்கடைத் தெருவுல ரெண்டு நாள் அலைஞ்சோம். டவர்ல இரைச்சல் -118 காட்டவேண்டிய இடத்துல -96. ஒரு கையில சிக்னலை அளக்கற அனலைசர், இன்னொரு கையில யாகி, அதான் உங்க மீன்முள் ஆன்டெனா. அதைத் திருப்பிக்கிட்டே நடந்தா, பார்க்கறவங்க புதையல் தேடறோம்னு நினைச்சாங்க. கடைசியில ஒரு மூணாவது மாடி, துணி காயப்போடற கம்பியில ஆன்டெனா கட்டியிருந்தது. கடைக்காரர் சுவிட்சை அணைச்ச அடுத்த நொடி, கன்ட்ரோல் ரூம்லேருந்து போன்ல "இறங்கிருச்சு, இறங்கிருச்சு"ன்னு கத்தறாங்க. அவர் முகத்தைப் பார்க்கணுமே. பாவம், அவருக்கு எதுவுமே தெரியாது.

இன்னொண்ணு: நம்ம நாட்டுல உரிமம் இல்லாம இதை வச்சிருக்கறதே சட்டவிரோதம். 1933 வயர்லெஸ் சட்டத்திலேயே அப்படித்தான், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலயும் அப்படித்தான். விக்கறவன் இதைச் சொல்ல மாட்டான்.

லண்டன்_வாத்தியார்:
இங்கே 2018-லேருந்து வீட்டுல வச்சுக்கலாம். ஆனா கண்ட பெட்டியும் இல்லை. 2018-ல வந்த விதிப்படி ஒரு நேரத்துல ஒரே கம்பெனியோட அலைவரிசையைத்தான் பெருக்கணும், கெயினைத் தானே குறைச்சுக்கணும். அமெரிக்காவுலயும் டவரைப் பாதுகாக்கற விதிக்கு உட்பட்ட பெட்டிதான், அதையும் கம்பெனிகிட்ட பதிவு பண்ணணும்.

இரண்டாங்கட்டு:
அணைச்சுட்டேன். அரை மணி நேரத்துல அண்ணன் வீட்டுலேருந்து போன் வந்துச்சு, வெட்கமாப் போச்சு. வைஃபை காலிங் (வைஃபை வழியாப் பேசறது) போடலாம்னு பார்த்தா ஆத்தா வச்சிருக்கறது பட்டன் போன், அதுல அது இல்லை. டச் போன் கொடுத்தா தூக்கிப் போட்டுடுவாங்க.

பழைய_டிரைவ்டெஸ்ட்:
ஆத்தாவை மாத்தாதீங்க. ரெண்டு வழி இருக்கு. ஃபைபர் இணைப்பு எடுத்தா கூடவே லேண்ட்லைன் நம்பர் தருவாங்க, மோடத்துல சாதாரண போனைச் சொருகினா போதும். மோடம் முகப்புலயே இருக்கட்டும், கார்ட்லெஸ் போன் ரெண்டு சுவரைத் தாண்டுறது சந்தேகம், அதனால தொலைபேசி ஒயரை இழுத்துடுங்க. இல்லைன்னா, சிம் போடற மேசை போன் விக்குது, ஆன்டெனா கழட்டற மாதிரி இருக்கும். அதுல நல்ல கேபிள் போட்டு ஆன்டெனாவை வெளியே வச்சுக்கலாம். இது எதையும் பெருக்காது, போன் தன் காதை மட்டும் வெளியே நீட்டுது. வாங்கும்போது 4ஜி வோல்டி (4ஜி-யிலயே பேசற வசதி) இருக்கான்னு பாருங்க, 2ஜி மட்டும் இருக்கறதைத் தலையில கட்டப் பார்ப்பாங்க. முதல்ல கம்பெனிக்கும் ஒரு புகார் போட்டு வைங்க. உரிமத்தோட ரிப்பீட்டர் வைக்கறதுன்னா அவங்கதான் வைக்கணும்.

இரண்டாங்கட்டு:
ஒன்பது நாள் கழிச்சு எழுதறேன். ஃபைபர் எடுத்தாச்சு. ஒயரைச் சுவர்ல ஓட்டை போடாம, நிலைக்கு மேல இருக்கற பழைய மின்சார மரப்பட்டி வழியாவே இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். நேத்து ராத்திரி தம்பி கூப்பிட்டான். மணியடிச்சதும் ஆத்தா ரிசீவரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, "எந்தப் பக்கம்டா பேசணும்?"னு கேட்டாங்க. பெட்டியை என்ன பண்றதுன்னுதான் தெரியலை, விற்கவும் கூடாது போல.