பயோ பிளாஸ்டிக் பங்கை எப்படிக் கணக்கிடுவது?

பினாங்கு, பிறையில் உணவுப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. 2022 முதல் 2024 வரை பெட்ரோலியப் பிளாஸ்டிக்கிலிருந்து தாவர மூலப்பொருளுக்கு எவ்வளவு மாறினோம் என்று ஒரே விழுக்காட்டில் சொல்லச் சொல்கிறார்கள். இரண்டு வாரமாக மண்டை காய்கிறது.

கொள்முதல் எடையை வைத்துப் போட்டால் 31 விழுக்காடு. அப்புறம் ஏஎஸ்டிஎம் டி6866 முறையில், பொருளின் கார்பனில் எவ்வளவு பெட்ரோலியம் அல்லாத உயிர் மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் கார்பன்-14 சோதனைக்கு அனுப்பினேன். தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக் தட்டு கிட்டத்தட்ட 100, சரி. 'பயோ' சான்றிதழோடு வந்த பிபி (பாலிப்ரொப்பிலீன்) மூடியோ கிட்டத்தட்ட பூஜ்யம்! அது மாஸ் பேலன்ஸ் சரக்காம். அதாவது, பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்யும் ஆலையில் பழைய சமையல் எண்ணெயும் பெட்ரோலிய நாப்தாவும் ஒன்றாகத்தான் போகும், பங்கு பிரிப்பது காகிதத்தில் மட்டும். விற்றவரைக் கேட்டால் அதே சான்றிதழை மறுபடி அனுப்புகிறார்.

இப்படி அறிக்கை கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: மாஸ் பேலன்ஸ் சரக்கை அந்த ஒரே விழுக்காட்டில் சேர்க்கலாமா, தனி வரியில்தான் காட்ட வேண்டுமா?